ஏழாவது குவியல்

ஒரு உயிர் எப்படிச் சாப்பிடுகிறது என்று சிறிது நேரம் பார்த்தால் போதும், அதன் குணம் எனக்குத் தெரிந்துவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் உத்தியோகம் முழுக்க நான் பார்த்தது வரிசையும் தட்டும்தான். முட்டையை முதலில் விழுங்குகிற பிள்ளை, அதையே கடைசிவரை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் காவல் காக்கிற பிள்ளை, பக்கத்துத் தட்டை அளந்துகொண்டே தன் தட்டைக் கோட்டைவிடுகிற பிள்ளை. இப்போது வளர்ந்துவிட்ட அவர்களைப் பாலக்கோடு பஸ்ஸில் பார்க்கிறேன். ஒருவரும் மாறவில்லை.

அதனால், பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்து இறங்கி, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த எங்கள் மேட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு, "குதிரைங்களுக்கும்மா, ஓடி முடிச்ச வயசான குதிரைங்க, சும்மா மேயறதுக்கு" என்று சொன்னபோது, எனக்குச் சிரிப்புதான் வந்தது. குதிரைக்கும் ஓய்வு கொடுக்கிறார்களா என்று கேட்டேன். "ஓய்வு குடுக்கறாங்க, பென்ஷன்தான் கிடையாது" என்றார். ஆள் பரவாயில்லை என்று தோன்றியது. சரி என்றேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த நிலத்தில் யாரும் ஏர் பூட்டவில்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. மாடுகளையும் விற்றாயிற்று. மகள் கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கேயே வந்து இரு என்று கூப்பிடுகிறாள், நான்தான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பாள். அடுப்பே பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாலும் "ஆச்சு" என்று சொல்லிவிடுவேன். போனில் பொய் சொல்வது சுலபம்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுடையது ஒரே வீடாக இருந்து இரண்டானது. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்தினார்கள். ஒரே அடுப்பு. அந்த அடுப்பு என் வசம் இருந்தது. அவர் இறந்து, கருமாதி முடிந்து, வந்த சனம் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே ஒத்த ஆளுக்கு எதுக்கு இம்மாம் பெரிய அடுப்பு." வேறு யாராவது சொல்லியிருந்தால் அசதியில் வந்த பேச்சு என்று விட்டிருப்பேன். அவள் சொன்னதால் விடவில்லை. அந்த வாரமே தனி அடுப்பு மூட்டினேன். பிறகு முற்றத்தின் நடுவில் சுவர் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேருக்கு நேர்தான் இல்லையே தவிர, பேச்சு இல்லாமல் இல்லை. அவள் தன் கோழிகளிடம் பேசுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் கோழிகளுக்குப் புத்திமதி கொஞ்சம் பலமாகவே கிடைக்கும். நானும் பூனையிடமோ குடத்திடமோ பதில் சொல்லி வைப்பேன். கொழுந்தனார் தக்காளி லாரி ஓட்டுகிறார். தொப்பூர் கணவாய் இறங்கித் தெற்கே போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். அவர் இல்லாத நாட்களில் கோழிகளின் பாடு திண்டாட்டம்தான்.

குதிரைகள் ஆறும் ஒரு மழை விட்ட காலையில் லாரியில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெங்களூர்க்காரர் ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். என் நாக்குக்கு ஒன்றும் ஒட்டவில்லை. மாட்டுக்கு வைக்கிற மாதிரி நிறத்தைப் பார்த்து நானே வைத்துக்கொண்டேன். சிவப்பாக, பெரிய உடம்பாக இருந்த பெண் குதிரை செவலை. கறுப்பு, காரி. நெற்றியில் வெள்ளை விழுந்தது சுட்டி. ஒரே மாதிரி பழுப்பாக இருந்த இரண்டும் அண்ணன் தம்பி. சாம்பல் வெளுப்பாக, விலா எலும்பு தெரிய, எல்லாவற்றுக்கும் பின்னால் இறங்கிய கிழட்டுப் பெண் குதிரை மயிலை.

அவற்றோடு வந்து எங்கள் மோட்டார் கொட்டாயில் தங்கியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள், கன்னடம் பேசுகிறவர். காலையில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி "ஊட்டா ஆய்த்தா அக்கா?" என்பதுதான். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அவர்கள் பக்கத்தில் அது வணக்கம் சொல்கிற மாதிரி, பதிலுக்காகக் கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் நான் உண்மையான பதிலைச் சொன்னேன். "இன்னும் இல்லைங்க." "ராத்திரி சோறு இருந்துச்சு, கரைச்சுக் குடிச்சேன்." "இன்னிக்கி உப்புமா." அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அதற்கு முன் எத்தனை காலமாக யாருக்கும் அந்த விவரத்தை நான் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

குதிரைகளுக்குத் தீனி போடுகிற முறையை அவரிடம்தான் பார்த்தேன். டெம்போவில் வருகிற காய்ந்த புல்லை வரப்போரம் ஒரே நீளமாகப் போட்டுவிட மாட்டார். நிலம் முழுக்க விலக்கி விலக்கிக் குவியலாக வைப்பார். ஒன்று பின்னங்காலால் உதைத்தால் இன்னொன்றுக்கு எட்டாத தூரம். குதிரை ஆறு, குவியல் ஏழு. "ஏனுங்க ஒண்ணு ஜாஸ்தி?" என்று கேட்டேன். "நோடி அக்கா" என்று, பாருங்கள் என்கிற மாதிரி, செவலையைக் காட்டினார்.

செவலை முதலில் வந்து முதல் குவியலில் வாய் வைத்தது. நாலு வாய் தின்றதும், அடுத்த வீட்டுக் குழம்பு எப்போதும் வாசனை என்கிற மாதிரி, காரியின் குவியலைப் பார்த்தது. காதைப் பின்னால் மடித்து ஓரடி வைத்தது, அவ்வளவுதான். காரி நகர்ந்துபோய்ச் சுட்டியை விரட்டியது. சுட்டி அண்ணனை, அண்ணன் தம்பியை, தம்பி மயிலையை. இப்படி எல்லாம் ஒரு இடம் தள்ளி நகரும்போது, கடைசியில் நிற்கிற மயிலைக்குப் போக்கிடம் வேண்டும். அந்த ஏழாவது குவியல் அதற்குத்தான். கொஞ்ச நேரம் கழித்துச் செவலைக்கு மறுபடி சபலம் வரும், மறுபடி எல்லாம் நகரும், மறுபடி எங்கேயோ ஒரு குவியல் காலியாக இருக்கும். என் பள்ளிக்கூட வரிசையில் இப்படி ஒரு ஏற்பாடு எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கன்னடக்காரர் மகளுக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போனார். அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. பெங்களூர்க்காரர் வேறு ஆள் தேடுவதாகச் சொன்னார். "எதுக்குங்க தேடறீங்க? பள்ளிக்கூடத்துக்கே போட்டவ நான், ஆறு குதிரைக்குப் போட மாட்டனா?" என்றேன். அப்படித்தான் அந்த வேலை என் கைக்கு வந்தது.

காலையில் ஊறவைத்த கொள்ளுப் பயறை வேகவைத்துத் தவிட்டோடு பிசைந்து ஆளுக்கொரு வாளி. பிறகு புல்லுக் குவியல். ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற பருவத்தில் பச்சைத் தோகை. ஊரில் கொஞ்ச நாள் என் பாடு திருவிழாதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். வாசலில் அடிக்க லாடம் கேட்டார்கள். விலை போகாத தக்காளியை ஒரு டிராக்டர் நிறையக் கொண்டுவந்து, "கொட்டிட்டுப் போவட்டுங்களா, குதிரை திங்குமில்ல?" என்றான் ஒருவன். தக்காளியும் அதன் செடியும் குதிரைக்கு ஆகாது என்று பெங்களூர்க்காரர் சொல்லியிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அவன் டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்கும் சேதி போனது. "இந்தா, கேட்டுக்கோங்கடி. சில பேருக்கு மனுசங்க ஆவாது. குதிரைதான் ஆவும்." நான் செவலையைப் பார்த்துச் சொன்னேன், "குதிரைக்கு நாலு காலு, ஆனா நாக்கு ஒண்ணுதான்." அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வந்து பார்த்தால் வீடு அப்படியே இருந்தது. ஒரு டம்ளர் அரிசி, ஒரு தக்காளி, ஒரு தட்டு.

ஒரு ஆளுக்குச் சமைப்பது கஷ்டம். கூடப்போனால் மிஞ்சும், குறைத்தால் சட்டியில் பிடிக்கும். அதைவிடக் கஷ்டம் அதை உட்கார்ந்து சாப்பிடுவது. எதிரில் யாரும் இல்லாமல் சோறு உள்ளே இறங்குவதில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே, வழித்துப் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்துவிடுவேன். வெளியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யார் என்ன செய்ய முடியும்?

குதிரைகள் வந்த பிறகு அது மாறியது. தூக்குப் போசியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு, குவியல்களைப் போட்டுவிட்டு, வேலியோரம் கல்லில் உட்கார்ந்து நானும் சாப்பிடத் தொடங்கினேன். ஆறு வாய் புல்லை அரைக்கிற சத்தம் இருக்கிறதே, மழை பிடித்து நிதானமாகப் பெய்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சோறு இறங்கியது. மிளகாயைக் கடித்துக்கொண்டு மறு சோறு போட்டுக்கொண்ட நாளும் உண்டு. ஏழாவது குவியலை என் கல்லுக்குப் பக்கத்தில் போட்டேன். விரட்டப்படுகிற மயிலை அங்கே வந்து நிற்கும். மூச்சுக்காற்று என் தோளில் படும். கேரட் நறுக்கிக் கொண்டுபோனால் உள்ளங்கையிலிருந்து உதட்டாலேயே பொறுக்கி எடுக்கும். எனக்கு அதன்மேல் உயிராகிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு பிரியம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் பெங்களூர்க்காரர் வந்து, கல்லில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். மைசூர் பக்கம் அவருடைய உறவினருக்குப் பெரிய தோட்டம் இருக்கிறதாம். தண்ணீருக்குத் தட்டுப்பாடில்லை. இந்த மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகப் போகிறார். நான் "சரிங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

"ஆனா இந்தக் கிழவிய நெனச்சாத்தாம்மா யோசனையா இருக்கு" என்று மயிலையைக் காட்டினார். "லாரியில அவ்ளோ தூரம் தாங்குவாளான்னு டவுட். உங்ககிட்ட வேற நல்லா ஒட்டிகிட்டா. நீங்க வெச்சுக்கறீங்களா? தீவனத்த நான் அனுப்பிடறேன்."

சந்தோஷம் என்று அதற்கு முன் கடைசியாக எப்போது சொன்னேனோ தெரியாது. இது சந்தோஷம்தான்.

"ஒண்ணு மட்டும். குதிரை தனியா இருக்காதும்மா. ஒரு ஆடாவது வாங்கிக் கூட விடுங்க" என்றார்.

"ஆடு எதுக்குங்க? நான் ஒருத்தி இல்லையா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பாருங்க. லாரி வர்றப்ப முடிவு சொல்லுங்க" என்று போனார்.

எனக்கு இதில் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மாடு பிடித்துவந்து பழக்கியவர்கள் நாங்கள். சந்தையில் மாடு வாங்கினால் விற்றவர் தன் கயிற்றைக் கழற்றிக்கொள்வார், மாட்டோடு கொடுக்க மாட்டார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். வாசலில் ஆலம் சுற்றி, பச்சரிசியும் வெல்லமும் கொடுத்து, கொட்டாயில் கட்டிவிட்டால் நாலு நாள் கத்தும். பழைய இடத்தை நினைத்துக்கொண்டு தவிட்டுத் தண்ணீரைச் சீந்தாது. அப்புறம் பசி வெல்லும், கை பழகும், அது நம் மாடாகிவிடும். எந்த மாடும் இதற்குத் தப்பியதில்லை. குதிரை மட்டும் என்ன மேலிருந்து குதித்ததா?

பாலக்கோட்டுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கி வந்து மஞ்சள் தடவினேன். மாடு விற்றதிலிருந்து விறகு அடைத்துக் கிடந்த மாட்டுக் கொட்டாயைக் காலிசெய்து, கூட்டி, சாணம் தெளித்து வைத்தேன். லாரி வருவதற்குள் பழக்கிவிட்டால் மற்றவை கிளம்பும்போது மயிலைக்குத் தெரியக்கூடத் தெரியாது என்பது என் கணக்கு. ஒரு காலையில் கேரட்டைக் காட்டியபடியே வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆலம் சுற்றினேன். அரிசியும் வெல்லமும் கொடுத்தேன். வெல்லத்தை மட்டும் தின்றது. புதுக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக் கட்டினேன்.

அவ்வளவு நேரம் சாதுவாக வந்தது, கட்டியதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. கொட்டாயில் இருந்து நிலம் தெரியாது. மயிலை கனைத்தது. நிலத்திலிருந்து ஒரு பதில் கனைப்பு வந்தது. எந்தக் குதிரை என்று எனக்குச் சத்தத்திலேயே தெரியும். செவலை. தினமும் அதைக் கடித்து விரட்டுகிற அதே செவலை.

கொள்ளு வைத்தேன், முகர்ந்துவிட்டு விட்டது. புல் வைத்தேன், மிதித்தது. கயிறு எட்டுகிற மட்டும் நடந்தது, திரும்பியது, நடந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கத்தட்டும், நாலு நாள்தானே என்றிருந்தேன். நாலு நாளும் போயிற்று. பசி வெல்லவில்லை. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அதற்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினேன். "பாரு, நானும் உங்கூடத்தான் திங்கறேன். தின்னு" என்று கெஞ்சினேன். மயிலை என் தலைக்கு மேலே பார்த்தது. நிலம் இருக்கிற திசையைப் பார்த்தது. என்னையே பார்க்கவில்லை. அந்த இடத்தில் ஒரு தூண் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தீனி தூவுகிற சத்தம் கேட்டது. "கோழியே, இந்தக் கூத்தப் பாத்தியா? பெத்த மவ கூப்புட்டா போவ மாட்டாங்களாம். கூட்டத்துல நின்ன வாயில்லா ஜீவன இழுத்தாந்து ஒத்தையில கட்டுவாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. "நீ தின்னு. ஊரு வாயி எப்பவும் தொறந்துதான் இருக்கும்" என்று மயிலையிடம் கத்தினேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் தீனி தூவுவது நின்றது. அன்றைக்கு அதற்குமேல் கோழிகளுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை.

மறுநாள் காலை நிலத்தில் குவியல் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நின்றது ஐந்து குதிரை என்பதால் குவியல் ஆறு. கடைசிக் குவியலை உதறிவிட்டு நிமிர்ந்தால், முள்வேலியைப் பிளந்துகொண்டு மயிலை வருகிறது. அறுந்த புதுக் கயிறு பின்னால் இழுபடுகிறது. மார்பில் முள் கிழித்த ரத்தக் கோடு. நான் ஒருத்தி அங்கே நிற்பதைக் கண்டுகொள்ளாமல் என்னைத் தாண்டிப் போய்க் கூட்டத்தில் சேர்ந்தது.

செவலை தலையைத் தூக்கியது. காதை மடித்து, நேராகப் போய், மயிலையின் கழுத்தில் ஒரு கடி கடித்தது. வரவேற்பு அவ்வளவுதான். மயிலை ஓரடி விலகியது, போகவில்லை. வழக்கம்போல் எல்லாம் ஒரு இடம் நகர்ந்தன. ஆறு குதிரைக்கு ஆறு குவியல் ஆகிவிட்டதால் செவலை இரண்டுக்கு நடுவே சட்டமாக நின்றுகொண்டது. மயிலைக்கு ஒன்றும் இல்லை. அத்தனை நாள் பட்டினி கிடந்த அது, எலும்பும் தோலுமாக, தின்கிறவற்றுக்கு நடுவில் வெறும் வாயோடு நின்றது. உடம்பில் இருந்த நடுக்கம் போயிருந்தது. காது இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் தொங்கின.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நான் ஊட்டுனது கசக்குது, அவ கடிச்சது இனிக்குதா உனக்கு?" என்று நிலத்தின் நடுவில் நின்று கத்தினேன். கத்திக்கொண்டேதான் ஓடிப்போய்ப் புல்லை அள்ளிவந்து ஏழாவது குவியலைப் போட்டேன். மயிலை அதில் முகத்தைப் புதைத்துத் தின்ற வேகத்தைப் பார்த்ததும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று உச்சி வெயிலில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புளியமர நிழலில் ஜோடி ஜோடியாக, ஒன்றின் தலைப்பக்கம் இன்னொன்றின் வால் வருகிற மாதிரி நின்றன. ஒன்று வாலை வீசினால் மற்றதன் முகத்தில் ஈ உட்காராது. மயிலையின் முகத்துக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தது செவலையின் வால். தினமும் அப்படித்தான் நின்றிருக்கும். காலையில் தீனி நேரத்து அட்டகாசத்தை மட்டுமே பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிடுவதால் கண்ணில் படவில்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் ஆசை விடவில்லை என்பதுதான் உண்மை. ஆடு வாங்கலாமா என்று யோசித்தேன். இரண்டு ஆடு வாங்கலாமா என்று யோசித்தேன். மற்றவை போய்விட்டால் வேறு வழியில்லாமல் பழகிவிடும் என்றும், பழகாவிட்டால் செத்துவிடும் என்றும் மாறி மாறி மனசு சொன்னது. அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். லாரி வருகிற நாளும் வந்துவிட்டது.

பயணத்துக்கு முன்னால் தானியம் வேண்டாம், புல் மட்டும் போதும் என்று பெங்களூர்க்காரர் லாரியோடு வந்து இறங்கியதும் சொன்னார். நான் வழக்கம்போல் ஆறு பேருக்கும் கொள்ளு ஊறப்போட்டிருந்தேன். அது வாளியிலேயே கிடந்தது. பலகையைச் சாய்த்துச் செவலையை முதலில் ஏற்றினார்கள். பிறகு காரி, சுட்டி, அண்ணன், தம்பி. மயிலையின் கழுத்தில் முடிச்சுப் போட்ட கயிறு. கயிற்றின் மறுமுனை என் கையில்.

"என்னம்மா முடிவு பண்ணீங்க?"

லாரிக்குள்ளிருந்து செவலை கனைத்தது. மயிலை பதில் கொடுத்த வேகத்தில் கயிறு என் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. இழுத்துப் பிடித்தேன். அது லாரியைப் பார்த்து நின்றது, நான் அதைப் பார்த்து நின்றேன். அதற்கு ஒத்தையில் கிடப்பது என்றால் என்னவென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கே வேண்டாத ஒன்றை அதன் கழுத்தில் கட்டி வைத்துக்கொண்டு, பிரியம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.

முடிச்சை அவிழ்த்தேன். "கூட்டிட்டுப் போங்க. மத்ததுங்களுக்கு நடுவுல நிக்க வைங்க, லாரி ஆட்டத்துல ரெண்டு பக்கமும் சாஞ்சுக்கும். செவலைக்குப் பக்கத்துல."

"அது கடிக்குமேம்மா."

"கடிக்கட்டுங்க."

மயிலை தானாகவே பலகையில் ஏறியது. யாரும் தள்ளவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. உள்ளே செவலை காதை மடித்தது தெரிந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அங்க போடறப்போ ஏழு குவியல் போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். மாட்டை விற்றவர்கள் செய்கிற மாதிரி கயிறு என் கையில் இருந்தது. நான் விற்றவளும் இல்லை, வாங்கியவளும் இல்லை.

லாரி போன பிறகு நிலத்துக்குப் போகவில்லை. வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன். பொழுது சாயும்போது போன் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். மயிலை இறங்கியதும் கொஞ்சம் தள்ளாடியதாம், பிறகு மற்றவற்றோடு நின்று புல் தின்றதாம். "நல்லதுங்க" என்று வைத்துவிட்டேன். நிஜமாகவே நல்லதுதான். ஆனாலும் வீட்டில் சத்தமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் இல்லை. கொழுந்தனார் லோடு ஏற்றிப் போயிருந்தார். கோழிகள் அடைந்துவிட்டன.

வாளியில் கொள்ளு ஊறிப் பொங்கி நின்றது. விட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். அள்ளிக் கழுவி, பெரிய சட்டியில் வேகவைத்தேன். பூண்டும் சீரகமும் மிளகாயும் வதக்கிப் போட்டுக் கடைந்தேன். கடைந்து முடித்துப் பார்த்தால் ஒரு பந்திக்கு ஆகும்போல இருந்தது. தட்டை எடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை.

தூக்குப் போசி நிறைய ஊற்றிக்கொண்டு வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு, தெருப்பக்கமாகப் போனேன். சுவர் வைத்ததிலிருந்து அந்த வாசலை நான் மிதித்ததில்லை. ஓரகத்தி அடுப்புக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள், போசியைப் பார்த்தாள், கடைசியாக முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது. இத்தனை நாள் குரலை மட்டுமே கேட்டதால் எனக்கு அது தெரியாது.

"என்னது?" என்றாள்.

"கொள்ளுக் கடைசல்."

"குதிரைக்கு ஊறப்போட்டத எனக்குக் கொண்டாந்தீங்களாக்கும்?"

நல்ல கடிதான். வேறு நாளாக இருந்தால் போசியை அங்கேயே கவிழ்த்துவிட்டு வந்திருப்பேன். நான் நகரவில்லை.

"ஆமா. நல்லாக் கழுவிட்டுத்தான் ஆக்குனேன்."

அவள் களியைத் துழாவிக்கொண்டே இருந்தாள். துடுப்பு சட்டியின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தலையைத் திருப்பாமலே, "நிக்கறீங்களே. அந்தத் தட்டு ரெண்டையும் எடுத்தாங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். ஒரு உருண்டையை உருட்டி என் தட்டில் வைத்தாள். நான் கடைசலை ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு பத்தவில்லை என்றாள். பூண்டு அதிகம் என்றாள். இவ்வளவு நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதைத்தான் தின்றனவா, பாவம் என்றாள். சொல்லிக்கொண்டே தின்றாள். நானும் தின்றேன். சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், நான் கேட்காமலே, இரண்டாவது உருண்டையை என் தட்டில் வைத்தாள்.